எண்ணுக்கு முன்னால் ஸ்லைடு

ஐப்பசி மழை பிடித்துவிட்டால், பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் லேப் வாசலில் காலை ஆறரைக்கே கூட்டம் சேர்ந்துவிடும். எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: "பிளேட்லெட் எவ்ளோ?" ரத்தம் உறைய உதவுகிற தட்டணு அது; சுகர், பிரஷர் போல அந்தச் சொல்லும் இங்கே வீட்டுக்குள் வந்துவிட்டது.

போன வருஷம் காசிமேட்டிலிருந்து வலை பின்னுகிற ஒருவர் மகனைக் கூட்டி வந்தார். பத்து வயசுப் பையன், டெங்கு, ஆறாம் நாள். முந்தின நாள் கவுன்ட் 42,000. அன்று மெஷின் காட்டியது 38,000.

"ஜுரம் உட்டுச்சே சிஸ்டர், இன்னும் ஏன் எறங்குது? கிருமி தின்னுதா?"

ரத்தத்தில் அழிவது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே எலும்பு மஜ்ஜையில் உற்பத்தி படுத்துவிடுகிறது. பிளேட்லெட்டுக்குத் தாய் மெகாகேரியோசைட் என்ற உயிரணு. சிவப்பணு 7 மைக்ரான் என்றால் இது 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். மஜ்ஜையின் ரத்தக்குழாய்க்குள் நூல் நூலாக நீட்டி, அந்த நூல்கள் துண்டாகித்தான் ஆயிரக்கணக்கில் பிளேட்லெட் பிறக்கிறது. ஒரு பிளேட்லெட்டின் ஆயுள் எட்டுப் பத்து நாள்; தினமும் புதுசு வந்தே ஆகவேண்டும். டெங்கு வைரஸ் தாக்கிய முதல் நாட்களிலேயே அந்தத் தாயணுக்கள் குறைந்து, முதிராமல் நின்றுவிடுகின்றன. 1960களில் தாய்லாந்து நோயாளிகளின் மஜ்ஜையை எடுத்துப் பார்த்தவர்கள் இதைக் கண்டார்கள். காய்ச்சல் விடுகிற சமயத்தில் மஜ்ஜை மறுபடி விழித்துக்கொள்வதையும் அவர்களே கண்டார்கள்.

ஒரு லட்சத்துக்குக் கீழே எந்த எண் வந்தாலும், ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடு பார்க்காமல் நான் ரிப்போர்ட் விடுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு பெண்ணுக்கு 21,000 என்று அப்படியே கொடுத்துவிட்டேன். ராத்திரியோடு ராத்திரியாக அட்மிட் செய்தார்கள். காலையில் நீல மூடி டியூபில் எடுத்துப் பார்த்தால் 1,80,000. ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் ஈடிடிஏ பட்டு, சிலருக்குப் பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் அந்தக் கொத்தை எண்ணாது. அந்த அம்மா அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

பையனின் ஸ்லைடை லீஷ்மன் சாயம் போட்டு, எண்ணெய் விட்டு, நூறு லென்ஸில் வைத்தேன். கொத்து இல்லை, எண்ணிக்கை உண்மையாகவே குறைவு. ஆனால் வழக்கமாகத் தூசி போல இருக்கிற பிளேட்லெட்டுகளுக்கு நடுவே, சிவப்பணு அளவுக்கே பெரிசாக, ஊதாப் பொடி நிறைந்து நாலைந்து கிடந்தன. மஜ்ஜை புதிதாக அனுப்பியவை. அளவை வைத்துப் பிரிக்கிற மெஷின் இவற்றைப் பிளேட்லெட் கணக்கில் சேர்க்காது. எங்கள் டாக்டரம்மாவும் பார்த்து, ரிப்போர்ட்டில் எழுதினார்.

நான் பையனின் அப்பாவிடம், "அண்ணே, பிளேட்லெட்ட மட்டும் பாக்காதீங்க. பக்கத்துல பிசிவின்னு இருக்கு, அது ஏறுதான்னு டாக்டர் பாக்கணும். இப்பவே போங்க" என்றேன். பிசிவி என்றால் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்ற கணக்கு. ஜுரம் விட்ட நேரத்தில்தான் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்படும். உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்குச் சலிப்பதில்லை.

மறுநாள் 67,000. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர் கிளம்பாமல் நின்றார்.

"நேத்து கண்ணாடில பாத்தீங்களே, நானும் ஒருக்கா பாக்கலாமா?"

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார்.

"செவப்புக்கு நடுவுல ஊதாவா... இதுவா சிஸ்டர்?"

"அதான் அண்ணே."