இப்ப விழுவாங்க பாரு!

நேற்று ராத்திரி யாங்கூனில் வழக்கம்போல கரண்ட் போய்விட்டது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்ததால் மகள் மறுபடியும் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' கேட்டாள். எத்தனையாவது முறையோ! ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம், சார்ஜ் தாங்குமா என்பதுதான் என் கவலை.

1965-இல் வந்த படம், ஐந்து ஆஸ்கர். அதெல்லாம் இருக்கட்டும். தொடக்கத்தில் நாயகி ஜூலி ஆண்ட்ரூஸ் மலைமேல் கைவிரித்துச் சுழல்வாரே, அதை ஹெலிகாப்டரில் இருந்து எடுத்தார்கள். ஒவ்வொரு டேக் முடிந்து அது திரும்பும்போதும் அதன் காற்று அவரைப் புல்லில் தள்ளிவிடுமாம். இதைச் சொன்ன நாளிலிருந்து மகள் அந்தக் காட்சியில் "இப்ப விழுவாங்க பாரு" என்று காத்திருக்கிறாள்.

'டோ ரே மி' பாட்டு வந்ததும் அம்மா, "நம்ம சரிகமதானே இது?" என்றார். அவருக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் படத்தில் பிள்ளைகள் பாடுவதைக் கேட்டு, அவர்களுடைய கறாரான அப்பாவும் கூடச் சேர்ந்து பாடும் இடம் வந்தால் முந்தானையால் கண்ணைத் துடைப்பார். மனுஷன் மாறியதைக் காட்ட அங்கே வசனமே தேவைப்படவில்லை.

கல்யாணக் காட்சிக்கு முன்னாலேயே லேப்டாப் அணைந்துவிட்டது. மீதிப் பாட்டையெல்லாம் இருட்டில் மகளே பாடி முடித்தாள்.