பிள்ளை வளர்ந்த பிறகு சிஜிடி

பிறவியிலேயே நோயெதிர்ப்பைக் குலைக்கும் நாட்பட்ட கிரானுலோமா நோய், மருத்துவமனை வழக்கில் சிஜிடி, உள்ள என் மகன் கல்லூரிக்குப் போகும் வயதை எட்டிவிட்டான். 1950களில் இந்நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டபோது, குழந்தைப் பருவத்தைத் தாண்ட விடாத நோயாகவே அது பதிவானது. இன்று பலர் நடுவயது வரை வாழ்கிறார்கள். ஆனால் வயது கூடக்கூடக் கவலைப்பட வேண்டியவை மாறுகின்றன என்பதைப் புதிதாக இதற்குள் வரும் பெற்றோருக்கு யாரும் முதலில் சொல்வதில்லை.

நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணு கிருமியை விழுங்கிய பின், சூப்பராக்சைடு போன்ற வேதிப்பொருள்களை உண்டாக்கித்தான் பலவகைக் கிருமிகளைக் கொல்கிறது. அவற்றை உண்டாக்கும் நொதியில் பிறவியிலேயே பழுது இருப்பதால், சிஜிடி உள்ளவர்களது உடலில் ஸ்டாஃபிலோகாக்கஸ், செராஷியா, நோகார்டியா, அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை போன்றவை விழுங்கப்பட்ட பிறகும் பிழைத்துக்கொள்கின்றன. தினமும் பாக்டீரியாவுக்கு எதிரான கோட்ரைமாக்சசோலும் பூஞ்சைக்கு எதிரான இட்ராகோனசோலும் விடாமல் கொடுப்பதே அடிப்படைக் காப்பு. 2003இல் வெளியான ஆய்வில் 39 பேரிடம் இட்ராகோனசோலையும் வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது, கடும் பூஞ்சைத் தொற்று மருந்துக் காலத்தில் ஒருவருக்கும் வெற்று மாத்திரைக் காலத்தில் எழுவருக்கும் வந்தது. இந்தக் காப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு விழுங்கினால்தான் உடலில் சரியாகச் சேரும் என்பதால், எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்க யாருக்கும் அனுமதி இல்லை.

மக்கிய உரம், ஈர வைக்கோல், காய்ந்த இலைக் குவியல் ஆகியவற்றின் பக்கம் அவன் போகக்கூடாது. அவற்றைக் கிளறும்போது எழும் பூஞ்சை வித்துகளை மொத்தமாகச் சுவாசித்தால், ஓரிரு வாரத்திற்குள் உயிருக்கே ஆபத்தான நுரையீரல் அழற்சி வரலாம். மாடித் தோட்டத்தைக் கலைத்ததில் என் மாமியாருக்கு இன்றும் வருத்தம்தான். பூஞ்சைத் தொற்று அதிகக் காய்ச்சல் இல்லாமலே நுரையீரலில் வளரக்கூடும் என்பதால், பிள்ளை ஓடியாடித் திரிகிறான் என்பதை மட்டும் நம்பி எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடக்கூடாது.

தொற்றைக் கட்டுக்குள் வைத்த பிறகும் எஞ்சுவது அழற்சி. குடலில் அது, கிரோன் எனப்படும் நாட்பட்ட குடல் அழற்சி நோயைப் போலவே வெளிப்பட்டு, வயிற்றுவலி, இரத்தம் கலந்த பேதி, எடைக்குறைவு என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. சாதாரணக் கிரோன் நோயாளிக்குத் தாராளமாகத் தரப்படும், நோயெதிர்ப்பை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் இவர்களுக்குக் கடும் தொற்றையும் மரணத்தையும்கூட வரவழைத்திருக்கிறது; ஆகவே குடல் மருத்துவரும் நோயெதிர்ப்பு மருத்துவரும் கலந்து பேசாமல் எந்த மருந்தையும் தொடங்க விடாதீர்கள். கல்லீரலில் சீழ்க்கட்டி வந்தால், முன்பெல்லாம் அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி. இப்போது ஆன்டிபயாடிக்குடன் ஸ்டீராய்டும் சேர்த்துப் பலருக்கு அதைத் தவிர்க்க முடிகிறது. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு மெல்லச் சரிந்தால், கல்லீரலின் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது என்று பொருள்படலாம். இதனால் ஒரே ஓர் அறிக்கையைப் பார்த்து நிம்மதி அடையாமல், பழைய அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன்.

நோயை வேரோடு நீக்குவது எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை. மாற்றுக்கு முன் தரும் மருந்தின் கடுமையைக் குறைத்துச் செய்த முறையில், 2014இல் வெளியான ஆய்வின்படி 56 பேரில் 52 பேர் பிழைத்திருந்தனர். பொருத்தமான கொடையாளர் இருந்தால், உறுப்புகள் கெடும் முன்பே அதைச் செய்வது நல்லது என்பதே என் கருத்து. எங்களுக்குக் கொடையாளர் இன்னும் அமையவில்லை.

பெரும்பாலும் இந்நோய் எக்ஸ் குரோமோசோம் வழியே தாயிடமிருந்து மகனுக்கு வருகிறது. டிஎச்ஆர் என்னும் இரத்தப் பரிசோதனையில் நலமான வெள்ளணுக்கள் ஒளிர்ந்து வரைபடத்தின் வலப்பக்கம் நகர்கின்றன. மகனின் வரைபடத்தில் மேடு இடப்பக்கமே நின்றது. என்னுடையதில் இடமும் வலமுமாக இரண்டு மேடுகள். என் அணுக்களில் ஒரு பகுதி நலமானது, மறுபகுதி அவனுடையதைப் போன்றது. என்னைப் போன்ற பெண்களுக்கும் வாய்ப்புண், வெயில் பட்டால் தடிப்பு, உடலின் நோயெதிர்ப்பே உடலைத் தாக்கும் லூபஸ் போன்ற தொல்லைகள் வரலாம். நலமான அணுக்கள் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கடும் தொற்றும் வரக்கூடும். மகனுக்காக மருத்துவமனைக்கு அலையும் தாய்மார்கள் தங்களையும் ஒருமுறை காட்டிக்கொள்ள வேண்டும்.

தாயின் சகோதரிகளுக்கும் இப்பரிசோதனை தேவை. நம் நாட்டில் பிறந்தவுடன் போடப்படும் பிசிஜி தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இருப்பதால், சிஜிடி குழந்தைக்கு அக்குளில் நெறிகட்டிச் சீழ் வைப்பதே சில சமயம் முதல் அறிகுறியாகிறது. இப்போது என் தங்கை கருவுற்றிருக்கிறாள். அவளுக்கும் டிஎச்ஆரில் இரண்டு மேடுகள்தான். பிறப்பது ஆண் குழந்தையானால், அதன் பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை பிசிஜி போட வேண்டாம் என்று பிரசவ மருத்துவரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறோம்.