டீக்கடை வைஃபையும் ஆதார் ஜெராக்ஸும்

மேன்ஷனிலோ டீக்கடையிலோ வைஃபை பாஸ்வேர்டு கேட்டால் சிலர் நோட்டை நீட்டுகிறார்கள். பெயர், போன் நம்பர், சமயத்தில் ஆதார் ஜெராக்ஸ். ‘நாளைக்கு போலீஸ் வந்தா காட்டணுமே!’ பயம் நியாயம்தான். ஆனால் அந்த நோட்டு உதவாது.

2008 அகமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி வந்த மிரட்டல் மெயில், நவி மும்பையில் பாதுகாப்பில்லாத ஒரு வீட்டு வைஃபை வழியாகப் போனது. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபையில் நுழைபவர் யாரென்று பதிவாக வேண்டும் என இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைக்கு 2005 முதலே உரிமம் தேவையில்லை. அலை பரப்ப யாரையும் கேட்க வேண்டாம். அதில் ஊருக்கு இன்டர்நெட் கொடுப்பதற்குத்தான் கட்டுப்பாடு.

விசாரணையில் வரும் கேள்வி இப்படி இருக்கும்: இந்த ஐபி (இணையத்தில் இணைப்பின் முகவரி), இந்த போர்ட் (அந்த முகவரியில் ஒவ்வொரு தொடர்புக்கும் உள்ள எண்), இரவு 8:14:32, எந்தக் கருவி? ரூட்டருக்குப் பின்னால் இருபது போன் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே ஐபி. ஒரே ஐபியைப் பல போன்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் வேலைக்கு நாட் என்று பெயர்; எந்த போன் எந்த போர்ட்டில் போனது என்பது அந்த நாட் பதிவில்தான் இருக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் வாங்கும் சாதாரண ரூட்டர் அதைச் சேமித்து வைக்காது. எந்தக் கருவிக்கு எந்த உள்முகவரி தந்தது என்ற டிஎச்சிபி பட்டியலும் கரண்ட் போனால் பெரும்பாலும் அழியும். திரும்ப வந்ததும், இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் என்டிபி சரிசெய்யும் வரை, பல ரூட்டர்களில் கடிகாரம் 1970 காட்டும். போன்களோ இப்போது கருவியின் அடையாள எண்ணான சொந்த மேக் முகவரியைக் காட்டாமல் தற்காலிகமான ஒன்றைக் காட்டுகின்றன. நோட்டில் உள்ள பெயரை எதோடு பொருத்துவது? ஊராரின் ஆதார் நகல் கல்லாப்பெட்டியில் கிடப்பதுதான் மிச்சம்.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டம் இதைவிடத் தேவலாம். அதில் வைஃபை தரும் கடைக்காரர்தான் பிடிஓ, அவருக்கு உரிமமோ பதிவுக் கட்டணமோ கிடையாது. பல பிடிஓக்களை ஒருங்கிணைக்கும் நிறுவனமான பிடிஓஏ ஒன்றைப் பிடித்து, அவர்கள் ஏற்கும் ஆக்சஸ் பாயின்ட்டை (வைஃபை பரப்பும் பெட்டி) மாட்டினால் போதும். ஆளைச் சரிபார்ப்பதும் கணக்கு வைப்பதும் ஆப்பும் பிடிஓஏவும் பார்த்துக்கொள்ளும். டீ குடிக்க வந்தவர் போன் நம்பர் பதிய வேண்டியிருப்பது எனக்கு உவப்பில்லை. ஆனாலும் ஜெராக்ஸ் தெருவில் சுற்றாது. வீட்டு பிளானைப் பொதுவில் பகிர்வது பெரும்பாலும் ஒப்பந்தத்துக்கு விரோதம். பிடிஓ இணைப்புக்கு, 200 எம்பிபிஎஸ் வரையிலான பிளான்களில், வீட்டுக் கட்டணத்தின் இரு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது எனத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 ஜூனில் விதித்தது.

விருந்தாளிக்கு மட்டும் என்றால் ரூட்டரில் தனியாக உள்ள கெஸ்ட் நெட்வொர்க் போதும். இணைந்த கருவிகள் ஒன்றையொன்று தொடாமல் தடுக்கும் ஏபி ஐசொலேஷனை ஆன் செய்யுங்கள், உங்கள் வேகம் 100 எம்பிபிஎஸ் என்றால் அதில் 20-ஐ கெஸ்டுக்கு ஒதுக்குங்கள். பிறகு கெஸ்டில் இணைந்தபடியே பிரவுசரில் ரூட்டரின் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) அடித்துப் பாருங்கள். ரூட்டர் பக்கம் திறந்தால் கெஸ்ட் சரியாகப் பிரிக்கப்படவில்லையோ என்று சந்தேகப்படுங்கள். சிசிடிவி, பில்லிங் கணினி எல்லாமே திறந்து கிடக்கலாம். இணைய நிறுவனம் தரும் சில பெட்டிகளில் ‘கெஸ்ட்’ என்பது அதே நெட்வொர்க்குக்கு இன்னொரு பெயர், அவ்வளவே.

போலீஸ் விவரம் கேட்டால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 94ஆம் பிரிவின்படி எழுத்தில் தரச் சொல்லுங்கள். அதில் எந்தத் தேதி, எந்த நேரம் என்றிருக்கிறதோ அதற்கு மட்டும் கொடுங்கள்.