முழங்கால் தேய்மானமும் பட்டாளத்துப் பழக்கமும்

பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவருக்கு உடற்பயிற்சியைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அளவோடு நிறுத்தத்தான் சொல்லித்தர வேண்டும். முழங்கால் தேய்மானத்துக்கு வீட்டுப் பயிற்சி எழுதிக் கொடுத்தால் அடிக்கடி நடப்பது இதுதான்: 10 தடவை என்று எழுதியிருக்கும், முதல் நாளே 50 போட்டுவிடுவார். மறுநாள் முட்டி வீங்கும். மூன்று நாள் நடக்க முடியாது. நான்காம் நாள் "இது நமக்கு ஒத்துவராது" என்று அந்தத் தாள் அலமாரிக்குள் போய்விடும். பார்ப்பவர்கள் சோம்பல் என்பார்கள். நடந்தது அதற்கு நேர் எதிர்.

பாரம் தூக்கி நடந்தது, உயரத்திலிருந்து குதித்தது, எப்போதோ ஜவ்வு கிழிந்தது எல்லாம் சேர்ந்து, படையில் இருந்தவர்களுக்கு இந்தத் தேய்மானம் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வந்துவிடுகிறது. 50 வயதுக்காரருக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்யும் பயிற்சி கௌரவக் குறைச்சலாகத் தெரிவது இயல்பு. "தொடைத் தசைக்குப் பலம் ஏறினால் மூட்டின் மேல் விழும் சுமையை அது வாங்கிக்கொள்ளும்" என்று காரணத்தைச் சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்த வேலையைத் தொடர்வார்கள்.

அடுத்தது வலிக்கு ஒரு வரம்பு. "வலித்தால் நிறுத்துங்கள்" என்றால் அவர் கேட்கப்போவதில்லை. அது சரியான அறிவுரையும் இல்லை. தேய்ந்த மூட்டு கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். 0 முதல் 10 வரை எண் கேளுங்கள். 2 வரை கவலையே வேண்டாம். 3 முதல் 5 வரை பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் 24 மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். 5-ஐத் தாண்டினாலோ, மறுநாள் காலையிலும் இறங்காமல் நின்றாலோ, அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும். அடியோடு விட்டுவிடக் கூடாது.

பயிற்சிகள் நான்கு போதும். எட்டு, பத்து என்று பட்டியல் நீண்டால் ஒன்றுமே நடக்காது. காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 விநாடி தொடையை இறுக்குவது ஒன்று. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றதை நேராக நீட்டியபடி, மடக்கிய முட்டியின் உயரம் வரை தூக்குவது இன்னொன்று. ஒருக்களித்துப் படுத்து மேல் காலைப் பக்கவாட்டில் உயர்த்துவது மூன்றாவது. இவை ஒவ்வொன்றும் 10 தடவை. நாட்கணக்கு வாரத்துக்கு மூன்று, இடையில் ஒரு நாள் ஓய்வு.

நான்காவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. அன்றாட நடமாட்டத்துக்கு அதிகம் பயன்படுவதும் இதுதான், தப்பாகச் செய்யப்படுவதும் இதுதான். கைப்பிடி இருக்கும் உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். சக்கரம் வைத்தது வேண்டாம். முதலில் தலையணை போட்டு இருக்கையை உயர்த்திக்கொள்ளலாம். விளிம்புக்கு வந்து, பாதத்தை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழ வேண்டும். உட்காரும்போது மனசுக்குள் மூன்று எண்ணிக்கொண்டு மெதுவாக இறங்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் பாதிப் பயன் அங்கேயே போய்விட்டது. முட்டிகள் உள்பக்கமாகச் சாய்கின்றனவா என்று எதிரே நின்று பாருங்கள். சாய்ந்தால் இருக்கையை இன்னும் உயர்த்துங்கள். 5 தடவையில் தொடங்கலாம். ஒரு காலை இழந்து செயற்கைக் கால் பொருத்தியவர் என்றால் சுமை முழுக்க நல்ல காலுக்குப் போகும். அவருக்கான அளவை பிசியோதெரபிஸ்ட்தான் முடிவு செய்ய வேண்டும்.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள், தினமும் தவறாத ஒரு காரியத்தோடு கட்டுங்கள். பல் தேய்த்ததும், செய்தி பார்க்க உட்காருவதற்கு முன் என்பது போல. காலையில் அரைமணி நேரத்துக்குள் போகும் விறைப்பு இந்த நோயில் சகஜம். அது தளர்ந்த பிறகு ஆரம்பிக்கட்டும். தூக்கம் கெட்டவர்கள், போர்க்கால நினைவுகளால் அவதிப்படுபவர்கள் இருக்கிறார்கள். கதவுக்கு முதுகு காட்டிப் படுக்க அவர்களில் சிலருக்குப் பிடிக்காது. பாயைத் திருப்பிப் போட்டால் தீரும் விஷயம், கேட்டால்தான் தெரியவரும்.

ஒரு நோட்டு வையுங்கள். நான்கே கட்டம்: கிழமை, எண்ணிக்கை, செய்யும்போது வலி, மறுநாள் காலை வலி. "செவ்வாய், 10, 4, 2" என்று இருந்தால் சரியான பாதை. "செவ்வாய், 30, 6, 6" என்று இருந்தால் வியாழக்கிழமை விடுபட்டது ஏன் என்று யாரும் விளக்க வேண்டாம், அவருக்கே புரிந்துவிடும்.

முட்டி வீங்கிய நாளுக்கும் ஒரு திட்டம் முன்கூட்டியே எழுதி இருக்கட்டும்: துண்டை அழுத்தும் பயிற்சி மட்டும் 10 தடவை, கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது 20 தடவை. ஐந்து நிமிட வேலை. அன்றைக்கு நோட்டில் பூஜ்யம் விழாமல் இருப்பதே பெரிய விஷயம். முட்டி சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, முட்டி மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

போன் செய்து விசாரிப்பவர்களுக்கு ஒன்று. "பயிற்சி செய்தீர்களா?" என்று கேட்டால் "செய்தாயிற்று" என்றுதான் பதில் வரும், மேலதிகாரிக்கு அறிக்கை கொடுத்துப் பழகிய நாக்கு. "இந்த வாரம் எந்த நாள் விட்டுப்போனது, என்ன குறுக்கே வந்தது?" என்று கேளுங்கள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறை மருத்துவமனைகளில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வொன்று உதவியைப் படிப்படியாகக் கூட்டியது: முதலில் இணையம் வழிப் பயிற்சி, முன்னேறாதவர்களுக்குத் தொலைபேசிப் பயிற்றுநர், அதிலும் முன்னேறாதவர்களுக்கு நேரில் பிசியோதெரபி. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டாம் படி தேவைப்பட்டது. தாளை மட்டும் கொடுத்தனுப்பினால் என்ன ஆகும் என்பதை இதை வைத்தே ஊகிக்கலாம்.

வித்தியாசம் தெரிய 6 முதல் 8 வாரம் பிடிக்கும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து வலி 5-ஐத் தாண்டாவிட்டால் ஏற்றலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான்: எண்ணிக்கையைக் கூட்டிய வாரத்தில் தலையணையை எடுக்காதீர்கள்.