கொலைக்களக் காதையில் ஒரு சின்ன மாற்றம்

சிலப்பதிகாரத்தில் கதை எங்கே திரும்புகிறது என்று கேட்டால் பெரும்பாலும் பாண்டியனின் உத்தரவைத்தான் சொல்வார்கள். ஊடிப்போன தேவியைச் சமாதானம் செய்யப் போகிற அவசரத்தில், தேவியின் சிலம்பைத் திருடியவன் என்று பொற்கொல்லன் கைகாட்டிய கோவலனிடம் அது இருந்தால் அவனைக் கொன்றுவிட்டு எடுத்து வாருங்கள் என்று சொல்லிவிடுகிறான். உண்மையில் திருடியவன் பொற்கொல்லன்தான்; கோவலன் விற்க வந்தது தன் மனைவி கண்ணகியின் சிலம்பை.

அதை மாற்றிப் பார்த்தேன். "அவனை இங்கே கூட்டி வாருங்கள்" என்கிறான் பாண்டியன். சிலம்பை உடைக்கிறார்கள், தேவி சிலம்பின் முத்துக்குப் பதில் கண்ணகி சிலம்பின் மாணிக்கப் பரல் தெறிக்கிறது, பொற்கொல்லன் மாட்டிக்கொள்கிறான், கோவலன் பொழுதோடு, ஆயர்பாடியில் அடைக்கலம் தந்த மாதரி வீட்டுக்குத் திரும்பிவிடுகிறான். அரைப் பக்கத்தில் முடிந்தது. சேரன் செங்குட்டுவன் கண்ணகி சிலைக்குக் கல் எடுக்க இமயத்துக்குப் போக வேண்டாம், கண்ணகி வாய் திறக்கவே வேண்டாம். எல்லாருக்கும் நல்லது, கதைக்குத்தான் கேடு.

எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் கொலைப்படும் ஆள் இல்லை என்று தயங்குகிறார்கள்! பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே கள்வர்களின் தந்திரங்களை அடுக்குகிறான், பேச்சு நீள்கிறது, கடைசியில் படிப்பறிவில்லாத ஒரு குடிகாரக் காவலன் வாளை வீசிவிடுகிறான். (இளங்கோ அவனுக்குப் பெயர்கூடத் தரவில்லை.) அந்தக் கையை இன்னொருவன் பிடித்து, விடிந்ததும் சபைக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். கோவலன் பிழைத்தான் என்றுதான் தோன்றும். ஆனால் பொற்கொல்லனுக்கு இப்போது ஓர் இரவு கிடைத்துவிட்டது, தேவியின் உண்மையான சிலம்பும் அவனிடம்தான் இருக்கிறது. சும்மா இருப்பானா? மாற்றி வைத்துவிடுவான்.

காலையில் முறையான விசாரணை. சிலம்பை உடைத்தால் முத்து. மற்றொரு சிலம்பு ஆயர்பாடியில் என் மனைவியிடம் இருக்கிறது என்று கோவலன் சொல்கிறான். மூலத்திலும் அவன் ஒற்றைச் சிலம்போடுதானே கிளம்புகிறான், அந்தத் தகவல் இங்கே நன்றாக உதவுகிறது. முத்தைக் கண்ணால் பார்த்த பிறகு ஆள் அனுப்பி விசாரிப்பானேன் என்று பாண்டியன் விட்டுவிடுகிறான், தண்டனையும் நிறைவேறிவிடுகிறது. அப்புறம் கண்ணகி வந்து தன் சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம்.

இந்தப் பாண்டியன் அவசரப்பட்டவன் இல்லை. விசாரித்தான், சாட்சியைப் பார்த்தான், ஆயர்பாடி வரை ஓர் ஆளை மட்டும் அனுப்பவில்லை. "யானோ அரசன் யானே கள்வன்" என்ற வரியை இவன் வாயில் வைத்துப் பார்த்தேன், மூலத்தைவிடக் கொடுமையாக இருக்கிறது.