மூக்கோரத்துச் செதில்: என் நாட்குறிப்பு

மார்ச் 2, 2024, சனி

காலையில் முகம் துடைத்த கருநீலத் துண்டில் மாவு சிந்தினது போலச் செதில்கள். மூக்கின் இரண்டு பக்க மடிப்பு, புருவம், மீசைக்கு அடி என்று இரண்டு மாதமாக உரிகிறது. கன்னமும் இழுத்துப் பிடிக்கிறது. சிங்கப்பூரின் ஈஷூனில் லிஃப்டை விட்டு இறங்கினாலே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற ஊர் இது. இங்கே முகம் எப்படி வறளும்? அலுவலகத்தில் ஏர்கானுக்கு நேர் கீழே ஒன்பது மணி நேரம் உட்காருகிறேன். அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

"தேங்காய் எண்ணெய் தடவு தம்பி, ரெண்டு நாள்ல போயிடும்" என்றார் அம்மா. தேக்கா சந்தையில் செக்கு எண்ணெய் ஒரு போத்தல் வாங்கி வந்தேன்.

மார்ச் 6, புதன்

முதல் இரண்டு நாள் செதிலே கண்ணில் படவில்லை. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இன்று மூக்கோரம் சிவந்து எரிகிறது. நகத்தால் மெல்ல எடுத்துப் பார்த்தேன்: மஞ்சளாக, மெழுகு மாதிரி விரலில் ஒட்டியது. காய்ந்த தோல் பொடியாக அல்லவா உதிர வேண்டும்?

மார்ச் 8, வெள்ளி

முடிதிருத்தும் கடைக்கார அண்ணன் என் காதுக்குப் பின்னால் சீப்பை நிறுத்தி, "தலையில பொடுகு இருக்கே, முகத்துலயும் அதேதானே?" என்றார். தலையையும் முகத்தையும் நான் சேர்த்து யோசித்ததே இல்லை.

மார்ச் 9, சனி

புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக். டாக்டர் புருவத்தைப் பார்த்தார், காதுக்குப் பின்னால் பார்த்தார், சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றச் சொல்லி நெஞ்சையும் பார்த்தார். செபோரிக் டெர்மடைடிஸ். நம் பேச்சில் சொன்னால், முகத்துக்கு இறங்கி வந்த பொடுகு.

மலசேசியா என்கிற ஈஸ்ட் வகைப் பூஞ்சை எல்லார் தோலிலும் இருக்கிறதாம். அது தானாகக் கொழுப்பை உண்டாக்கிக்கொள்ள முடியாது; நம் தோலில் சுரக்கும் எண்ணெயைத் தின்றுதான் வாழும். அதனால்தான் எண்ணெய் அதிகம் சுரக்கும் மூக்கோரம், புருவம், நெஞ்சு என்று பார்த்துக் குடியிருக்கிறது. அது விட்டுவைக்கும் மிச்சம் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் சிவந்து உரிகிறது. ஆண்களுக்கு ஆண் ஹார்மோனால் எண்ணெய்ச் சுரப்பு கூடுதல், அதனால் இதுவும் கூடுதல். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. தேங்காய் எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலங்களும் அதற்கு நல்ல தீனிதான். நான்கு நாளாக அதற்குச் சோறு போட்டிருக்கிறேன்.

ஆனால் கன்னம் இழுப்பது வேறு விஷயம். அது நிஜமான வறட்சி. நான் தினம் மூன்று தடவை குளியல் சோப்புப் போட்டதும் ஏர்கானும் சேர்ந்து செய்த வேலை. ஒரே முகத்தில் இரண்டு பிரச்சினை, இரண்டுக்கும் ஒரே மருந்தைத் தேடினேன்.

பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு, வாரம் இரண்டு முறை. தலையிலும் மீசை, புருவம், மூக்கோரத்திலும் நுரைத்து, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் படக்கூடாது. சிவப்புக்கு ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் என்கிற ஸ்டீராய்டு கிரீம், ஐந்து நாள் மட்டும். முகத்தில் நீட்டித்தால் தோல் மெலிந்துவிடும் என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். கன்னத்துக்கு, தோலின் ஈரத்தைக் காக்கும் வாசனையில்லாத செராமைடு கிரீம், முகம் ஈரமாக இருக்கும்போதே.

அம்மாவிடம் சொல்ல மனசு வரவில்லை. சொன்னேன். "நான்தானே தடவச் சொன்னேன்" என்று வாடிப் போனார். கை காலுக்கு அந்த எண்ணெய் நல்லதுதான் அம்மா என்றேன். அது உண்மையும்கூட.

மார்ச் 16, சனி

புதன், சனி என்று கிழமை வைத்துக்கொண்டேன். அப்பா எண்ணெய் தேய்த்துக் குளித்த அதே கிழமைகள், மறக்காது. ஐந்து நிமிடம் நுரையோடு நிற்பது நீளமாகத் தெரிகிறது. சிவப்பு போய்விட்டது; ஹைட்ரோகார்ட்டிசோனை நிறுத்திவிட்டேன்.

மார்ச் 27, புதன்

துண்டு சுத்தம். கன்னமும் இழுக்கவில்லை. முகத்துக்குச் சோப்பே கிடையாது, மிதமான ஃபேஸ்வாஷ் மட்டும்.

ஏப்ரல் 5, வெள்ளி

மூன்று நாள் இரவு வேலை, தூக்கமில்லை. இடது மூக்கோரம் மறுபடி லேசாகத் தலை காட்டியது. மனசு சோர்ந்தது. தூக்கம் கெட்டால், மன அழுத்தம் கூடினால் திரும்ப வரும், அடியோடு ஒழிக்கிற மருந்து இல்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நாளை சனி. ஷாம்பு இருக்கிறது.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்குக் குடும்பமாகப் போனோம். தேசிய சேவையில் இருக்கும் அக்கா மகன் வந்திருந்தான். புருவத்தில் அதே மஞ்சள் செதில். "வறட்சிதான் மாமா, எண்ணெய் வச்சா சரியாயிடும்" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்: "எண்ணெய் வேண்டாம்யா. மொதல்ல டாக்டர்கிட்ட காட்டு."