வக்காலத்தை மாற்றிக் கொடுத்த மாலை

“எல்லாருக்காகவும் நிக்கப் போறீங்க, சரி. எனக்காக நின்னுக்கிட்டு இருந்தீங்களே தம்பி, அது என்னாச்சு?”

2022 பிப்ரவரி 2-ஆம் தேதி, புதன்கிழமை மாலை, என் வழக்கறிஞர் அலுவலக மேசைக்கு எதிரே அமர்ந்து அந்த அக்கா கேட்ட கேள்வி இது. மறுநாள் நான் எங்கள் நகராட்சியின் ஒரு வார்டில் சுயேச்சையாக வேட்புமனுத் தாக்கல் செய்ய இருந்தேன். நான் சொன்ன பதில் சொல் மாறாமல் நினைவிருக்கிறது: “சட்டம் அப்படி இருக்குக்கா. நான் ஜெயிச்சு உள்ளே போனா உங்க ஒருத்தருக்கு மட்டுமில்ல, மார்க்கெட்ல இருக்கிற எல்லாருக்கும் சேர்த்துப் பேசலாம்.” இந்தப் பதிலின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைப் பற்றித்தான் அன்று முதல் எனக்குள் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

முதல் பாதியைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நடைமுறையில் இருந்த 1920-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மாவட்ட நகராட்சிகள் சட்டம், நகராட்சியிடம் ஊதியம் பெற்று அதற்காக வாதாடும் வழக்கறிஞரையும், நகராட்சிக்கு எதிராக வழக்கு நடத்தும் வழக்கறிஞரையும் உறுப்பினராகத் தகுதியற்றவர் என்று விலக்கியிருந்தது. மன்றக் கூட்டத்தில் அமர்ந்து அதன் கோப்புகளைப் படித்தவர், மறுநாள் நீதிமன்றத்தில் அதே மன்றத்துக்கு எதிராக எழுந்து நிற்கக் கூடாது என்பதே அந்த விதியின் நோக்கம். அது நியாயமான விதி என்றே இன்றும் கருதுகிறேன். நகராட்சியைப் பிரதிவாதியாகக் கொண்ட நான்கு வழக்குகள் அப்போது என் கையில் இருந்தன. மனுத்தாக்கலுக்குப் பிப்ரவரி 4 கடைசி நாள். 5-ஆம் தேதி பரிசீலனை. அன்று போட்டி வேட்பாளர் ஒருவர் எழுந்து ஒரு வழக்கு எண்ணைச் சொன்னாலே என் மனு ஆபத்தில் சிக்கும். ஆகவே நான்கையும் வேறு வழக்கறிஞர்களிடம் ஒப்படைக்க முடிவு செய்தேன். அந்த வழக்குகளின் கட்சிக்காரர்களில் மூவர் வாழ்த்திவிட்டு, புதிய வழக்கறிஞரை நியமிக்கும் வக்காலத்தில் கையெழுத்திட்டார்கள். நான்காமவர் இந்த அக்கா.

அவருடையது மார்க்கெட்டில் ஒரு மலைக்காய்கறிக் கடை. உரிமம் கணவர் பெயரில் இருந்தது. கணவர் இறந்தபின் வாரிசுப் பெயர் மாற்றம் கேட்டு அவர் கொடுத்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை. திருத்திய வாடகையைப் பழைய தேதியிலிருந்து கணக்கிட்டு, பாக்கியைக் கட்டாவிட்டால் கடைக்குச் சீல் வைக்கப்படும் என்ற அறிவிப்பு மட்டும் இறந்தவரின் பெயருக்கே வந்தது. முதன்முறை என்னிடம் வந்தபோது வாடகை ரசீதுகளை ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். எங்கள் ஊரின் ஈரத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லைப் போலக் கெட்டியாகியிருந்தன. என் மனைவியும் நானும் இரண்டு இரவுகள் அடுப்பருகே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உரித்து, செய்தித்தாள்களுக்கு இடையில் வைத்து உலர்த்தி, சிவப்புப் பென்சிலால் எண் போட்டோம். மொத்தம் 214 ரசீதுகள். அந்த ரசீதுகளைக் காட்டித்தான் இடைக்காலத் தடையுத்தரவு பெற்றேன். அது வாய்தாவுக்கு வாய்தா நீட்டிக்கப்பட்டு வந்தது. வேறு எந்த வழக்கின் காகிதக் கட்டையும் நான் அவ்வளவு கவனமாகத் தைத்ததில்லை. அதனால்தான் அதைக் கைமாற்றியது இன்னும் உறுத்துகிறதோ என்னவோ.

அன்று அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நான் விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார். உழைக்காத பகுதிக்குரிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது வழக்கறிஞர்களுக்கான பார் கவுன்சில் விதி. இரண்டாயிரம் ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். எண்ணாமல் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். அவர் அதை வாங்கிக்கொண்டது எனக்கு அன்று ஆறுதலாக இருந்தது. இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

நான் பதவிக்கு ஆசைப்பட்டு நின்றேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்டில் 17 ஆண்டுகள் பணியாற்றி, ஹவில்தாராக ஓய்வு பெற்று, அதன்பின் சட்டம் படித்தவன் நான். 2009 நவம்பரில், எங்கள் நீலகிரி மாவட்டத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி, மாவட்டம் முழுவதும் மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது விடுப்பில் ஊரில் இருந்தேன். சேற்றைத் தோண்டியவர்களில் நானும் ஒருவன். எங்கள் வார்டின் தடுப்புச்சுவர்களையும், குப்பை அடைத்த ஓடைகளையும், விளக்கு எரியாத படிக்கட்டுகளையும் பார்க்கும்போதெல்லாம் அந்த நாள்தான் நினைவுக்கு வரும். இரவில் நெஞ்சுவலி வந்த பக்கத்து வீட்டுப் பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, கரடி நடமாடும் அந்த இருட்டுப் படிகளில் நால்வராகச் சுமந்து இறக்கியபோதுதான், நாமே ஒருமுறை நின்றால் என்ன என்ற எண்ணம் உறுதிப்பட்டது. இவை உண்மையான காரணங்கள். அக்காவிடம் இவற்றைச் சொல்லியிருக்கலாம். மார்க்கெட்டைப் பற்றி வாக்களித்திருக்க வேண்டியதில்லை. ஓர் உறுப்பினருக்கு மன்றத்தில் ஒரு கைதான் உண்டு என்பதும், நகராட்சிக் கடைகளின் வாடகை பெரும்பாலும் அரசாணைகளின்படியே முடிவாகிறது என்பதும், அவருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தும் அவருடன் வந்தவர்களும் உயிரிழந்து இரண்டு மாதம் முடியவில்லை. வெலிங்டனிலிருந்து சூலூருக்கு அவர்களின் உடல்கள் சென்ற வழியில் பூத்தூவிய கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன். தளபதியின் படத்தை என் துண்டறிக்கையில் போட்டால் முன்னாள் ராணுவத்தினர் வீடுகளின் வாக்கு முழுவதும் விழும் என்று உடன் வந்த நண்பர்கள் சொன்னார்கள். அந்தச் சாவை வைத்து ஒரு வாக்குக்கூட வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். அந்த மறுப்பில் எனக்கு ஒரு நிமிர்வு இருந்தது. அந்த நிமிர்வோடு நடந்ததால்தான் அக்காவின் கேள்வி அப்போது மனத்தில் ஆழமாக இறங்கவில்லையோ என்று இப்போது ஐயுறுகிறேன்.

காவல் மாறும்போது அடுத்தவன் வந்து இடத்தில் நின்று, கண்காணிக்க வேண்டியவற்றைக் கேட்டறிந்து, பொறுப்பேற்ற பிறகே முந்தையவன் நகர வேண்டும் என்பது பட்டாளத்தில் முதல் நாளிலேயே பழகிய பாடம். நான் நகர்ந்தது அப்படித்தான் என்று பல இரவுகள் எனக்கே எடுத்துரைத்திருக்கிறேன். கட்டைக் கையில் கொடுத்தேன். இரண்டு பக்கக் குறிப்பு எழுதினேன். பிப்ரவரி 14 வாய்தா என்று மேலட்டையில் பெரிதாக எழுதினேன். பொறுப்பேற்றவர் இளையவர், நேர்மையானவர். ஆனால் அன்று தடையை நீட்டிக்கக் கேட்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொன்னேனா? குறிப்பில் இருந்தது. வாயால் சொன்னதாக நினைவில்லை. தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

14-ஆம் தேதி அவருக்கு உதகையிலும் ஒரு வழக்கு இருந்தது. அவர் மலைப்பாதை நெரிசலைத் தாண்டி வந்து சேர்வதற்குள் வழக்கு அழைக்கப்பட்டுவிட்டது. தடை நீட்டிக்கப்படவில்லை, மார்ச் மாதக் கடைசியில் அடுத்த வாய்தா விழுந்தது. அந்த நேரத்தில் நான் ஒரு லைன் வீட்டு வாசலில் கைகூப்பிக்கொண்டிருந்தேன். 19-ஆம் தேதி வாக்குப்பதிவு, 22-ஆம் தேதி எண்ணிக்கை. 37 வாக்குகளில் தோற்றேன். அக்காவும் என் வார்டுதான். அவருடைய வாக்கு யாருக்கு என்று நான் கேட்டதில்லை. கேட்கும் தகுதியும் எனக்கில்லை.

இந்த இடத்தில்தான் என் வாதம் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுகிறது. சட்டம் என்னை விலக்கியது பிப்ரவரி 22 வரைதான். தோற்ற மறுநாளே அந்தக் கட்டை நான் திரும்பக் கேட்டிருக்கலாம். தடை நீங்கிவிட்டது என்ற செய்தியும் அந்த வாரமே நீதிமன்ற வளாகத்தில் என் காதுக்கு வந்துவிட்டது. நான் கேட்கவில்லை. மூன்று வாரங்கள் மார்க்கெட் பக்கமே போகாமல், பேருந்து நிலையத்தைச் சுற்றிக்கொண்டு நீதிமன்றம் போனேன். இளையவரின் வழக்கில் தலையிடுவது தொழில் மரியாதை அல்ல என்று சொல்லிக்கொண்டேன். அது தொழில் மரியாதைதான். ஆனால் என் கால்களைத் திருப்பியது அது அல்ல. முகம் காட்ட முடியாத தோல்விதான்.

மார்ச் மாதம் வசூல் நெருக்கடி மாதம் என்பது ஊரில் கடை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். இரண்டாம் வாரத்தில் கடைக்குச் சீல் வைத்தார்கள். உறவினரிடமும் வட்டிக்கும் வாங்கி, பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டி அக்கா அதைத் திறக்கப் பதினொரு நாள் ஆயிற்று. திறந்த அன்று நான் போனேன். பீன்ஸும் முட்டைக்கோசும் அழுகிக் கறுத்த நீராகித் தரையில் ஓடியிருந்தன. மூலையில் இருந்த கூடையில் சௌசௌ எனப்படும் மேரக்காய்கள் மட்டும் அழுகாமல், இருட்டில் வெளிறிய முளைகளை ஒரு சாண் நீளத்துக்கு விட்டு, கூடையின் பின்னல் வழியாக ஷட்டரின் அடியிலிருந்த வெளிச்சக் கீற்றை நோக்கி நீண்டிருந்தன. அக்கா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, முளை முறியாமல், நடுவதற்காகத் தனியே வைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு முறத்தை எடுத்து அழுகலை வாரத் தொடங்கினேன். அவர் தடுக்கவும் இல்லை, வரவேற்கவும் இல்லை.

வழக்கை மறுபடி நானே நடத்துகிறேன், கட்டணம் வேண்டாம் என்றேன். “இருக்கட்டும் தம்பி. அந்த வக்கீல் தம்பி வந்து அழுதுட்டுப் போனாரு. இனிமே அவரு ஒரு நாளும் விடமாட்டாரு” என்றார். அந்தச் சொற்களில் எனக்கு மன்னிப்பு இருந்ததா என்று நான் பலமுறை தேடியிருக்கிறேன். அந்த இளைஞருக்கு இருந்தது, அது மட்டும் தெளிவு. தவறிய வாய்தா அவருடையது. அவர் நேரே போய் அழுதார். நான் விதிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். போதிய காரணமும் போதிய முன்னறிவிப்பும் இல்லாமல் ஏற்ற வழக்கிலிருந்து விலகக் கூடாது என்கிறது பார் கவுன்சில் விதி. என் காரணம் போதியது என்று எந்த மன்றத்திலும் என்னால் வாதிட முடியும். முன்னறிவிப்பு ஒரு நாள். வேட்பாளராக நிற்பதென்று நான் முடிவெடுத்ததோ டிசம்பரில். இடைப்பட்ட ஒரு மாதத்துக்கும் மேலான காலத்தில் அக்கா என்னிடம் இரண்டு முறை வந்து போனார். இரண்டு முறையும் நான் வாய் திறக்கவில்லை, அவர் மனம் நோகும் என்று.

“தன் கடமையில் மடிவதே மேல்” என்ற பொருள்படும் வாசகம் எங்கள் ரெஜிமெண்டின் முத்திரைமொழி. சீருடையில் இருந்த நாள்களில் கடமை எது என்ற கேள்வியே எழுந்ததில்லை. மேலே இருந்தவர் சொல்லிவிடுவார். ஒரு கட்சிக்காரருக்கும் ஒரு வார்டுக்கும் இடையே நிற்கும்போது சொல்ல யாரும் இல்லை. ஒருவருக்காக நிற்காதவன் ஊருக்காக எப்படி நிற்பான் என்று ஒரு நாள் தோன்றுகிறது. ஒருவரையே பிடித்துக்கொண்டிருந்தால் அந்த இருட்டுப் படிகளுக்கு யார் விளக்குப் போடுவது என்று மறுநாள் தோன்றுகிறது. அந்தப் படிகளில் பாதிக்கு இப்போது விளக்கு எரிகிறது. என்னைத் தோற்கடித்தவர் போட்டது.

2022-இல் தேர்வானவர்களின் ஐந்தாண்டு முடியும் காலம் நெருங்குவதால், இந்த முறையும் நிற்க வேண்டும் என்று வார்டில் சிலர் வீடு தேடி வந்து சொல்கிறார்கள். சென்ற வாரம், நகராட்சி அறிவிப்பு ஒன்றைக் கையில் பிடித்தபடி ஒரு தையற்கடைக்காரர் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய வக்காலத்தில் கையெழுத்திட்டு வழக்கை ஏற்றுக்கொண்டேன். தேர்தலைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நிற்கச் சொல்லி வந்தவர்களிடமும் நான் இன்னும் முடியாது என்று சொல்லவில்லை.